ஆளுக்குப் பாதி

சென்னை
9.2.1961

அன்புள்ள அக்காவுக்கு,

மருதமுத்து எழுதுவது. கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மூலையில் போட்டுவிடாதே. அம்மா போய் இருபத்தொரு மாதம் ஆகிறது. இதற்குள் நான் போட்ட நான்கு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இது ஆபீஸ் காரியம். அதனாலாவது படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் இப்போது ஒரு காசநோய் ஆராய்ச்சி அலுவலகத்தில் மொழிபெயர்க்கிற குமாஸ்தாவாக இருக்கிறேன். உங்கள் பக்கம் வடலூர் ரோட்டில் புதிதாக ஒரு ஷெட் போட்டு டாக்டர் சோமசுந்தரம் என்பவர் நெஞ்சுச் சளி வாங்கிப் பரிசோதிக்கிறார் அல்லவா, அது எங்களைச் சேர்ந்தது. ஏப்ரல் மாதம் அங்கே ஒரு மருந்துச் சோதனை ஆரம்பிக்கப் போகிறார்கள். அது எதற்கு, சேர்ந்தால் என்ன நடக்கும், சேராவிட்டால் என்ன என்பதை எழுத்து வாசனை இல்லாத ஜனங்களுக்கும் விளங்குகிறபடி ஒரு நோட்டீஸில் எழுத வேண்டும். வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர்களோடு பழகுகிறவள் நீ. நாலு பேருக்குப் படித்துக் காட்டி, எங்கே இடிக்கிறது என்று சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். பாப்பா இப்போது ஓடித் திரிவாள் என்று நினைக்கிறேன்.

தம்பி,
மருதமுத்து


நெய்வேலி
21.2.1961

தம்பிக்கு,

ஆபீஸ் காரியம் என்பதால் பதில் போடுகிறேன். என் கோபம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. அம்மாவைச் சானடோரியத்தில் சேர்த்துவிட்டு, 'அம்மா தேறி வருகிறாள், நீ வர வேண்டாம்' என்று வாரம் ஒரு கடிதம் எழுதினாய். கடைசிக் கடிதம் வந்த மறுநாள் தந்தி வந்தது. அப்பேர்ப்பட்ட உன்னைப் பார்த்து ஜனங்களுக்கு உண்மை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஆபீஸ்.

சரி, நோட்டீஸுக்கு வருகிறேன். 'நோயாளர்கள் எதேச்சை முறையில் இரு பிரிவினராகப் பகுக்கப்படுவர்' என்று எழுதியிருக்கிறாயே, இதை யாருக்காக எழுதினாய்? உன் பெரிய ஆபீசர் முதுகில் தட்டிக் கொடுப்பதற்கா? என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற சாமியம்மாளையும் அவள் ஓரகத்தி வீரம்மாளையும் உட்கார வைத்துப் படித்தேன். அண்ணன் தம்பியைக் கட்டிய இரண்டு பேர். சாமியம்மாள் மூத்தவனின் பெண்சாதி. சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்தபோது கிளம்பி வந்தவர்கள், பக்கத்தில் வடக்குத்து என்கிற ஊரில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். வீரம்மாளுக்கு மண் சுமக்கிற கான்ட்ராக்ட் வேலை. இரண்டு பேருக்கும் காசம் என்று போன மாதம்தான் உங்கள் ஷெட்டில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவர்கள் பொழுதுபோக்குக்குக் கேட்கவில்லை, உயிர்ப்பயத்தோடு கேட்டார்கள்.

பத்து வரி படித்ததும் சாமியம்மாள், "கோயில்ல மந்திரம் சொல்ற மாறி இருக்குதுங்கம்மா. கேக்க நல்லாத்தான் இருக்குது, ஒண்ணும் வெளங்கல" என்றாள். வீரம்மாள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, வெளியே எழுந்து போனாள்.

பிறகு நானே என் வாயால் சொன்னேன். சாமியம்மாள் கேட்டது ஒரே கேள்விதான். "ரெண்டு மருந்துல எது நல்லதுன்னு டாக்டருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிப்புடணும். தெரிஞ்சிகினே எங்கள வச்சி வேடிக்கை பாக்கக் கூடாது." அவள் கேட்பது நியாயம். முதல் வரியிலேயே அதைச் சொல்.

இன்னொன்று. கடைசியில், 'மருந்தைக் குறைத்தோ விட்டுவிட்டோ சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து கேட்காது, உயிருக்கு ஆபத்து' என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் கேட்டதும் வீரம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். "ஒருநாளு மறந்துட்டா செத்துப்பூடுவமா? அப்ப இந்த மருந்தே வாணாம்." அவளைத் திரும்ப உட்கார வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த வரியை எடுத்துவிடு. 'தினமும் தவறாமல் சாப்பிடவும்' என்றால் போதாதா? பயமுறுத்தினால் ஒருத்திகூட வரமாட்டாள்.

தனபாக்கியம்


சென்னை
6.3.1961

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டி எழுதியதைக்கூட மூன்று தடவை படித்தேன். நோட்டீஸை அடியோடு மாற்றிவிட்டேன். அச்சுக்குப் போயிருக்கிறது. நீயே பார்:

'நெஞ்சுச் சளியில் காசக் கிருமி இருப்பவர்களுக்கு. இந்த நோய்க்கு இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று வெள்ளை மாத்திரை, சில வருஷமாகக் கொடுப்பது. மற்றது மஞ்சள் மாத்திரை, புதியது. எது நன்றாகக் குணப்படுத்தும் என்று டாக்டர்களுக்கே இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு வருஷம் பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு அதையும் கொடுத்துப் பார்க்கப் போகிறோம். யாருக்கு எது என்று டாக்டர் தீர்மானிக்க மாட்டார், நீங்களும் கேட்டு வாங்க முடியாது. ஒட்டிய கவர் ஒன்றைப் பிரிப்போம். அதில் எழுதியிருப்பதே உங்கள் மருந்து. விருப்பம் இல்லாதவர் சேர வேண்டாம். அவருக்கு வழக்கமான வைத்தியம் உண்டு. சேர்ந்த பிறகும் விலகலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். வீட்டிலேயே இருந்து சாப்பிடலாம். தினமும் காலையில் தவறாமல் சாப்பிட வேண்டும்.'

நீ சொன்ன வரியை எடுத்துவிட்டேன். டாக்டர் சோமசுந்தரம் அது இருந்தே ஆக வேண்டும் என்று இரண்டு தடவை எழுதினார். நான் உன் கடிதத்தை எங்கள் ஆபீஸ் பெரியவரிடம் படித்துக் காட்டி வாதாடினேன். அதை நர்ஸ் வாயால் சொல்லிக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். பிறகு கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

தம்பி


நெய்வேலி
18.4.1961

தம்பிக்கு,

இந்தத் தடவை நீ எழுதியது மனிதன் பேசுகிற மாதிரி இருந்தது. ஷெட் வாசலில் நானே நின்று படித்தேன். இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். நர்ஸ் பார்வதிக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒவ்வொருத்தர் கையிலும் மாத்திரைப் புட்டியைக் கொடுத்து 'காலையில ஒண்ணு, மறக்காதீங்க' என்று சொல்லி அனுப்பினாள்.

சாமியம்மாளுக்கு வெள்ளை. வீரம்மாளுக்கு மஞ்சள். "எனக்குப் புதுசு வுழுந்திருக்குது" என்று வீரம்மாள் முகம் மலர்ந்தாள். அடுத்த நிமிஷமே சாமியம்மாளின் கையில் இருந்த கவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் ஒரு கருவாடு இருந்தாலும் நடுவே கிள்ளி இரண்டு தட்டில் போடுவார்கள். ஊர் போனபோது மிஞ்சிய ஒரே பித்தளைக் குடத்தை ஒரு மாதம் இவள் வைத்துக்கொண்டால் மறு மாதம் அவள் வைத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் தடவையாக ஆளுக்கு வேறு வேறாக ஒன்று கிடைத்திருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ் நிற்கிற இடத்தில் சாமியம்மாள் என்னிடம், "எங்க தலையெழுத்த கவருல போட்டு ஒட்டி வச்சிருக்கறாங்க, இல்லீங்களாம்மா? ரெண்டுல ஒண்ணுதான நல்லது. அப்ப இன்னொருத்தி?" என்று கேட்டாள். பஸ் வருகிறதா பார் என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

தனபாக்கியம்


சென்னை
30.5.1961

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. நெய்வேலிப் பக்கத்து ஆட்களைப் போல ஒழுங்கு வேறு எங்கும் இல்லை என்று பெரியவர் சொல்கிறார். பார்வதி வீடு வீடாகப் போய்ப் புட்டியில் மிச்சம் இருப்பதைப் பார்க்கிறாள். உன் சாமியம்மாள், வீரம்மாள் இருவர் கணக்கும் ஒன்றுகூடப் பிசகவில்லை. நோட்டீஸை எழுதியது நீயும் நானும்தான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை. சிறுநீர்ப் பரிசோதனையில் ஏதோ குழப்பம் என்று லாபரட்டரியில் முணுமுணுக்கிறார்கள். புட்டி மாறியிருக்கும், சரியாகிவிடும்.

தம்பி


நெய்வேலி
12.7.1961

தம்பிக்கு,

உன் பெருமையை மடித்து வை. சாமியம்மாள் மே மாதம் கொஞ்சம் சதை போட்டாள், குரல்கூடத் தெளிந்தது. இப்போது மறுபடி இருமல். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறாள். அவளை நிறுத்திவிடச் சொல்லி உன் அத்தான் பிடிவாதம். பாப்பாவை அவள் பக்கம் விடுவதில்லை என்று சத்தியம் செய்து, நான்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை செய்கிறேன் என்கிற பேரில் வருகிறாள். வீட்டில் சும்மா இருந்தால் ஒடிந்துபோவாள். போன மாதம் என் பாக்குவெட்டியை இரவல் வாங்கிப் போனவள் திருப்பித் தரவே இல்லை. வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டாயா, இந்த வயதில் என்ன சோக்கு என்று கேலி செய்தேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இங்கே சுரங்கத்தில் இரவு பகல் பம்பு ஓடுகிறது. அடியில் ஊற்றுத் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறதாம். பம்பு நின்றால் ஒரே நாளில் எல்லாம் முழுகிவிடும் என்று உன் அத்தான் ஷிப்ட் முடிந்து வந்து சாதாரணமாகச் சொல்கிறார். பழகிப்போய் அந்தச் சத்தம் காதில் விழாமலே இருந்தது. இப்போது சில நாளாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மனசு சரியில்லை.

தனபாக்கியம்


சென்னை
17.7.1961
எக்ஸ்பிரஸ்

அக்கா,

இதைப் படித்த கையோடு வடக்குத்துக்குப் போ.

பார்வதி மாதம் ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய் எல்லாரிடமும் சிறுநீர் வாங்கி அனுப்புகிறாள். அவர்கள் எந்த மருந்து சாப்பிட்டார்கள் என்பது அதில் தெரியும். வெள்ளை மாத்திரை வாங்குகிற சாமியம்மாளுடையதில் மஞ்சள் மருந்தும் இருக்கிறது. வீரம்மாளுடையதில் வெள்ளையும் இருக்கிறது. மூன்று மாதமாக இப்படியே. புட்டி மாறிவிட்டது என்று எழுதி ஓரமாக வைத்திருக்கிறார்கள். நானும் அப்படியே நம்பினேன். நேற்று உன் கடிதம் வந்தது. மூச்சுவிட முடியாமல் இருமுகிறவள் பாக்கு மெல்லுவாளா? அவள் அந்தப் பாக்குவெட்டியால் எதை நறுக்குகிறாள்?

அரை மாத்திரை கிருமியைக் கொல்லாது அக்கா. அதற்குப் பழக்கம் செய்து கொடுத்துவிடும். நாம் எடுத்துப்போட்ட வரியில் அதுதான் இருந்தது.

மருதமுத்து


நெய்வேலி
20.7.1961

தம்பிக்கு,

போனேன். நீ நினைத்தது சரி.

முறத்தின் மேல் பழைய துணியை விரித்து, இரண்டு கொட்டாங்குச்சியில் வெள்ளைப் பாதியும் மஞ்சள் பாதியும் போட்டு வைத்திருந்தார்கள். ஒளிக்கவில்லை. என்னிடம் காட்டுவதில் சாமியம்மாளுக்குச் சந்தோஷம். தானே யோசித்துக் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொண்டாள்.

"நீங்கதான படிச்சீங்க, எது நல்ல மருந்துன்னு டாக்டருக்கே தெரியாதுன்னு. எனக்கு வெள்ளை, அவளுக்கு மஞ்சா. ஒண்ணு கேக்கும், ஒண்ணு கேக்காது. அப்ப எங்க ரெண்டு பேருல ஒருத்தி பூடுவா இல்ல? அதான் ரெண்டையும் நறுக்கி ஆளுக்குப் பாதி சாப்டுகினு இருக்கறோம். நல்லது எதுவா இருந்தாலும் பாதியாவது ரெண்டு வவுத்துலயும் போவுதுல்ல."

"ஒருநாளு வுட்டதில்லீங்கம்மா" என்றாள் வீரம்மாள். "தவறாம சாப்புடச் சொல்லியிருந்துதே."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாக்குவெட்டியைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, சாமியம்மாள் அதைக் கழுவி முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தாள். "கோச்சிக்காதீங்கம்மா, நாளாயிடுச்சி" என்றாள்.

தம்பி, நாம் அவர்களிடம் பொய் சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரியாது என்ற உண்மையைச் சொன்னோம். அந்த உண்மையைக் கேட்டுத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் கூடவே சொல்ல வேண்டிய இன்னொரு உண்மையை எடு என்று சொன்னவள் நான். நீ எடுத்தவன். உன்னைத் திட்ட வாய் வரவில்லை. என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன்.

டாக்டரிடம் நேரே போய்ச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று பயந்தேன். "அந்த வரி இருந்திருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். சாமியம்மாளுக்கும் வீரம்மாளுக்கும் பக்குவமாகச் சொல்லி, பாதி வேண்டாம், முழுசாகச் சாப்பிடுங்கள் என்றார். இரண்டு பேரின் சளியையும் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாமே. வந்தவுடன் எனக்கு எழுது.

அக்கா


சென்னை
4.10.1961

அன்புள்ள அக்காவுக்கு,

முடிவு வந்துவிட்டது. வீரம்மாளின் கிருமி மருந்தில் சாகிறது. முழு மாத்திரையை ஒரு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வாள். சாமியம்மாளின் கிருமி சாகவில்லை. இரண்டு மருந்துக்கும் பழகிவிட்டது. டாக்டர் ஊசி போட்டுப் பார்ப்பார். ஆனால் எக்ஸ்ரே படத்தில் அவளுடைய இரண்டு நுரையீரலும் அரித்துப்போய்த் தெரிகின்றன. நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றதைப் பார்த்தவன்.

இதைச் சாமியம்மாளிடம் சொல்லாதே அக்கா. ஊசியில் குணமாகிவிடும் என்று சொல். அவளுக்கு இனிமேல் தெரிந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

நான் இப்படி எழுதுவதைப் பார்த்து உனக்கு எரியும், தெரியும். ஒன்று சொல்லிவிடுகிறேன். சானடோரியத்திலிருந்து வந்த அந்தக் கடிதங்கள் எல்லாம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியவை. மூன்று மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ அந்த வார்டுக்குள் வந்துவிடுவாய் என்று அவளுக்கு ஒரே பயம். தேறி வருகிறேன் என்று எழுதுடா என்பாள். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வாள். இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லாதது என் தப்புதான்.

தம்பி


நெய்வேலி
29.10.1961

தம்பிக்கு,

அம்மா சொன்னால் நீ எழுதிவிடுவதா? குழந்தையை விட்டுவிட்டு ஒரு தடவை வந்து வாசலில் நின்று முகத்தையாவது பார்த்திருப்பேனே. அது என்னிடமிருந்து போய்விட்டது. இதற்கு நீ என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு ஆறாது.

அதனால் சாமியம்மாளிடம் நான் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்து உள்ளபடி சொன்னேன். பாதி பாதியாகச் சாப்பிட்டதில் உன் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது, இனி மாத்திரை உனக்குக் கேட்காது என்றேன். வீரம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சாமியம்மாள் அழவில்லை. "வீரா பொழச்சிக்குவாளா?" என்று கேட்டாள். முழுசாகச் சாப்பிட்டால் பிழைப்பாள் என்றேன். "அப்ப சரி" என்றாள்.

ஆனால் வீரம்மாளுக்கு அது சரியாகப் படவில்லை. தான் பிழைத்து, அக்கா என்று கூப்பிடுகிற சாமியம்மாள் போவதா என்று அவளுக்கு ஒரே வைராக்கியம். பார்வதி தினமும் முன்னால் நின்று மாத்திரையை வாயில் போடச் சொன்னாள், போட்டாள். போன வாரம் நான் வடக்குத்துக்குப் போனபோது சாமியம்மாளின் தலைமாட்டில், துணி முடிச்சில், மாத்திரைப் பாதிகள் ஏழெட்டு இருந்தன. ஈரம் காய்ந்து, ஓரத்தில் பல் பட்ட தடம். வீரம்மாள் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, கடித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். சாமியம்மாள் தின்னவும் இல்லை, சொல்லிக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. "நான் வாணான்னாக்க அவ முழுங்காம துப்பிடறா. வாங்கி வச்சிகினா பாதியாவது உள்ள போவுதுன்னு வாங்கி வச்சிகினேன்" என்றாள்.

இப்படியே போனால் வீரம்மாளுக்கும் மருந்து கேட்காமல் போய்விடும். நான் டாக்டரிடம் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகப் போய்த்தான் சொன்னேன். மறுநாளே வேன் வந்து வீரம்மாளைச் சென்னைச் சானடோரியத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவள் புருஷன் கொளஞ்சியப்பன் கூடப் போனான். வேனில் ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாமியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வேன் திரும்புகிற வரைக்கும் நின்றாள்.

நீ போய் அவளைப் பார்.

அக்கா


சென்னை
17.11.1961

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். நர்ஸ்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள், அதையும் ஏமாற்றிவிடுகிறாள். படுக்கைக்கு அடியில் முழு மாத்திரைகளாகச் சேர்த்து வைத்திருக்கிறாள், ஊருக்குப் போகும்போது கொண்டு போக வேண்டுமாம். நான் என்ன சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. "எங்க அக்காவுக்கு மாத்திரை குடுக்கறாங்களா இல்லியா, அத மொதல்ல சொல்லுங்க" என்கிறாள். நான் சொன்னால் நம்ப மாட்டாள். இன்னும் ஒரு மாதம் இப்படி இருந்தால் இவளுக்கும் மருந்து கேட்காமல் போகும் என்று வார்டு டாக்டர் கையை விரிக்கிறார்.

தம்பி


நெய்வேலி
26.11.1961

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சாமியம்மாளிடம் போய்ப் படித்தேன். இப்போது அவள் எழுந்து உட்காருவதில்லை. ஊசியும் நின்றுவிட்டது. கேட்டுவிட்டு, "பேப்பர் கொண்டாந்திருக்கீங்களா? நான் சொல்றத அப்பிடியே எழுதுங்க" என்றாள்.

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கை எழுதிவிட்டது. இதோ:

'வீராவுக்கு அக்கா எழுதறது. நான் நல்லா இருக்கறேன். டாக்டரு எனக்கு வேற மாத்திரை வரவழச்சிக் குடுக்கறாரு. தெனம் ஒண்ணு முழுசா சாப்டுகினு வர்றேன். நேத்து எழுந்து நானே கொழம்பு வச்சேன். நீ உன்னுத முழுசா முழுங்கு. எனக்கு எடுத்து வைக்காத, என்னுது வேற, உன்னுது எனக்கு ஆவாது. நீ முழுங்கலன்னு கேள்விப்பட்டா நானும் துப்பிடுவேன். இந்தத் தைக்கு இல்லன்னாலும் அடுத்த தைக்கு வந்துடு.'

இதன் கீழே இருப்பது அவள் கைநாட்டு. நீ வார்டில் உட்கார்ந்து வீரம்மாளுக்குப் படித்துக் காட்டு. படிக்கிறபோது குரல் உடையக் கூடாது. இத்தனை வரி சொல்லி முடிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நடுநடுவே இருமியதை நான் எழுதவில்லை.

அக்கா


சென்னை
4.12.1961

அன்புள்ள அக்காவுக்கு,

படித்தேன். திரும்பவும் படிக்கச் சொன்னாள். கைநாட்டை விரலால் தடவிப் பார்த்தாள். படுக்கைக்கு அடியில் இருந்ததையெல்லாம் எடுத்து நர்ஸிடம் கொடுத்துவிட்டாள். நாலு நாளாக என் முன்னாலும் நர்ஸ் முன்னாலும் முழுசாக விழுங்குகிறாள். சிறுநீர்ப் பரிசோதனையிலும் மருந்து சரியாக இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அக்காவிடமிருந்து கடிதம் வர வேண்டும் என்று கேட்கிறாள். சாமியம்மாளால் இன்னொன்று சொல்ல முடியுமா?

தம்பி


நெய்வேலி
13.12.1961

அன்புள்ள தம்பி மருதமுத்துவுக்கு,

சாமியம்மாள் சனிக்கிழமை காலை இறந்துவிட்டாள். வீரம்மாளைக் கூப்பிடக் கூடாது என்று முந்தின நாளே தன் புருஷன் கலியனிடம் சொல்லியிருக்கிறாள். கொளஞ்சியப்பன் வந்து அடக்கத்தில் நின்றுவிட்டு, அங்கே வாயைத் திறப்பதில்லை என்று அண்ணனிடம் கையடித்துக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியிருக்கிறான். உன்னிடம் வந்தால் நீயும் அவனுக்குத் தைரியம் சொல்.

வீரம்மாளுக்கு அடுத்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முருங்கைக் கீரை வதக்கியதாகவும், குள்ளஞ்சாவடி சந்தைக்கு நடந்தே போய் வந்ததாகவும் எழுதியிருக்கிறேன். அவள் பேச்சு எனக்குக் காதில் இருக்கிறது, அதனால் எழுதுவது கஷ்டமாக இல்லை. கைநாட்டு, கலியன் வைத்தது. அவள் முழுசாக விழுங்க வேண்டிய ஒரு வருஷம் முடிய இன்னும் பதினோரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒன்று தவறாமல் அனுப்பிவிடுகிறேன். நீ தவறாமல் போய்ப் படி.

உன் அக்கா,
தனபாக்கியம்